மேயரை இறக்கப் போய்ப் பொன்னாடை போர்த்தியது

எங்கள் முதியோர் சங்கத் தலைவருக்கு மேயர் என்று பெயர் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிப்போட்டால் நல்லது. பேந்து வேறு ஆரும் வந்து அந்தப் பெயருக்கு உரிமை கொண்டாடக் கூடாது.

அவர் ஊரில் ஒரு கிராம சபைக்குக் கொஞ்சக் காலம் தலைவராக இருந்தவராம். அந்த நேரம் ஒரு மதகு கட்டுவித்தவராம். அது இன்னும் நிற்குதாம். எந்தக் கதையை எடுத்தாலும் மனிசன் மதகில் கொண்டுபோய்த்தான் முடிப்பார். ஒருநாள் சர்க்கரை வருத்தத்தைப் பற்றிச் சொல்லித்தர ஒரு டொக்டர்ப் பிள்ளை வந்தது. நன்றி சொல்ல எழும்பின இவர், இரத்தத்தில் சர்க்கரை ஓடுவதில் தொடங்கி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதற்குப் போய், மதகில் ஏறி நின்றுகொண்டார். டொக்டர்ப் பிள்ளை மணிக்கூட்டைப் பார்க்குது. நான் பக்கத்தில் இருந்தவளின் காதில், "மேயர் இனி இறங்கமாட்டார்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் அந்தப் பெயர் மண்டபம் முழுக்கப் போய், அவருடைய காதுக்கும் போய்விட்டது. கோபிப்பார் என்று பார்த்தோம். மனிசன் அடுத்த கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார்.

சங்கம் கூடுவது புதன்கிழமைகளில். கனடாவில் நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு தேவாலயத்தின் நிலவறை. படி கொஞ்சம் செங்குத்து, சுவரில் ஈரமணம், ஹீட்டர் நினைத்தால் வேலை செய்யும். ஆம்பிளைகள் ஒரு பக்கம் முன்னூற்று நாலு விளையாடுவார்கள். காட்ஸ் பிடிக்கிறதை விடச் சத்தம் போடுகிறதுதான் கூட. நாங்கள் மற்றப் பக்கம் தேநீரோடு இருந்து, வராதவர்களைப் பற்றிக் கதைப்போம். அதனால் ஒருவரும் வராமல் நிற்பதில்லை.

எனக்கு அந்தப் புதன்கிழமை என்ன மாதிரி என்று சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். மகளும் மருமகனும் விடிய வேலைக்குப் போய்விடுவார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்தால், "அம்மம்மா, பசிக்குது" என்பதோடு தமிழ் முடிந்துவிடும். மிச்சம் எல்லாம் தங்களுக்குள் பிரெஞ்சு. கோயிலுக்கோ கலியாணவீட்டுக்கோ போவதென்றால் என்னைச் சாமான் மாதிரிக் காரில் ஏற்றி, பெல்ட்டைப் பூட்டி, கொண்டுபோய் இறக்குவார்கள். நான் எப்போது வீட்டுக்குத் திரும்புவது என்று வேறு யாரோ முடிவு செய்வார்கள். புதன்கிழமை மட்டும் அப்படி இல்லை. நல்ல சீலை உடுத்து, மேலே கோட்டைப் போட்டு, சப்பாத்தை நானே பூட்டி, மரக்கறிக் கடையையும் பஞ்சாபிக்காரரின் இனிப்புக் கடையையும் தாண்டி என் காலில் நடந்து போய், என் காலில் நடந்து வருவேன். இந்த நாட்டில் நான் ஆரையும் கேட்காமல் போய்வருகிற இடம் அது ஒன்றுதான். ஆரையும் கெஞ்சி எங்கேயும் போகிற ஆள் நான் இல்லை.

மேயர் கை வைத்தது அதிலேதான்.

இலையெல்லாம் கொட்டி முடிந்திருந்த ஒரு புதன்கிழமை, அவர் தேநீர்க் கோப்பையில் கரண்டியால் தட்டி எங்களை அமர்த்தினார்.

"தை மாதத்தில இருந்து நாங்கள் லவாலுக்குப் போறம்," என்றார். "இது இடமாற்றம் இல்லை. விரிவாக்கம்."

என்னோடு எப்போதும் கூட இருக்கிறவளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. அவள்தான் கேட்டாள். "ஏன் அண்ணை, இங்க என்ன குறை?"

"படி இருக்கு. அங்க படி இல்லை. வாசல்ல பார்க்கிங்."

"எங்களிட்டை ஒருத்தரிட்டையும் கார் இல்லையே."

"பிள்ளையளிட்டை இருக்குதானே."

"பிள்ளையள் புதன்கிழமை வேலையில நிப்பினம்."

"மெட்ரோ லவாலுக்கும் ஓடுது, தங்கச்சி. சும்மா பார்க்கவே கட்டி வச்சிருக்கிறான்?"

முழங்கால்காரி குனிந்து முழங்காலைத் தடவினாள். ஒரு விஷயம் எனக்குத் தெரியும். மேயர் ஆற்றுக்கு அங்கால் லவாலில் மகனோடு இருக்கிறார். அவர் சொல்லுகிற மண்டபம் மகன் வீட்டுக்குப் பின்தெருவில். மனிசன் வீட்டுச் செருப்போடு நடந்து வரலாம். நான் எதைக் காப்பாற்ற நினைத்தேனோ அதைத்தான் அவரும் தனக்கு எடுக்கப் பார்த்தார். அவருக்கு அதற்கு விரிவாக்கம் என்று ஒரு சொல் இருந்தது. எனக்கு இல்லை.

நியாயமாக இருக்கவேணும் என்று நானும் முழங்கால்காரியும் ஒருநாள் அந்த இடத்தைப் பார்க்கப் போனோம். பார்க் மெட்ரோவில் ஏறி, ஜோன்-தலோனில் இறங்கி, படி ஏறி, படி இறங்கி, மற்ற ரயில் பிடித்து, லவாலில் பஸ்ஸுக்கு நின்றோம். காத்து முகத்தில் அறையுது. பஸ் வந்து ஏறி இறங்கினால், கார் நிறுத்த எவ்வளவு இடம் என்கிறீர்கள். அந்த வெளியைக் கடந்து கதவடிக்குப் போகவே அவளுக்கு மூச்சு முட்டிவிட்டது. படி இல்லை என்றது உண்மைதான். படி எல்லாம் வழியில் இருந்தது.

திரும்பி வரும்போது அவள் சொன்னாள், "நான் இனி வரமாட்டன், அக்கா. என்னை மறந்துபோங்கோ."

"வாயை மூடு," என்றேன். "அவரை இறக்குவம்."

இறக்குவதற்கு வழி இருக்கு என்று சொன்னவர் மாஸ்டர். ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர், எங்கள் சங்கத்துச் செயலாளர். சங்கத்தின் சட்டதிட்டம் எல்லாம் அடங்கின யாப்பை எழுதியதும் அவர்தான். மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் கையெழுத்து வைத்துக் கேட்டால் விசேட கூட்டம் வைக்கவேணும், அதில் பாதிக்கு மேல் கை உயர்த்தினால் தலைவர் கதிரையை விட்டு எழும்பவேணும் என்று வாசித்துக் காட்டினார். இதை மகளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"அம்மா, கியூபெக்கில உண்மையான மேயரைக்கூட இடையில இறக்க ஏலாது. அடுத்த எலெக்ஷன் மட்டும் பொறுத்திருக்கவேணும்."

"அது உங்கடை மேயர்," என்றேன். "எங்கடை மேயருக்கு யாப்பு இருக்கு."

கையெழுத்துச் சேர்ப்பது கஷ்டமாக இருக்கவில்லை. கார் இல்லாத எல்லாரும் வைத்தார்கள். மேயரோடு காட்ஸ் விளையாடித் தோற்றவர்களும் வைத்தார்கள். நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை, ஆனால் என் பெயரை வடிவாக எழுதுவேன். முதல் ஆளாக எழுதினேன்.

பிறகு கூட்டத்தை எப்படி நடத்துவதென்று கதைக்க எங்கள் வீட்டுக் குசினியில் கூடினோம். மாஸ்டர், முழங்கால்காரி, இன்னும் கொஞ்சப் பேர். நான் வடை சுட்டுக்கொண்டு நின்றேன். எங்கள் ஆட்களுக்குக் கூட்டம் என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. தீயணைப்புக்காரரைக் கூப்பிடுவதற்கு ஒரு கூட்டம் வைத்தாலும் முதலில் விளக்கு ஏற்றித்தான் தொடங்குவோம்.

"முதல் மங்கல விளக்கு," என்று மாஸ்டர் எழுதினார். "பிறகு அகவணக்கம். தமிழ்த்தாய் வாழ்த்து. வரவேற்பு நடனம்."

"நடனம் ஆர் ஆடுறது?"

"மேயரின்ரை பேத்திதான். வேறை ஆருக்கு இங்க ஆடத் தெரியும்?"

நான் கரண்டியோடு திரும்பினேன். "மேயரை இறக்கிறதுக்கு மேயரின்ரை பேத்தி ஆடுறதோ?"

"அது சின்னப் பிள்ளை, அக்கா. பிள்ளையில என்ன கோபம்? பிறகு வரவேற்புரை, நான். பிறகு தலைமையுரை."

"அது ஆர்?"

"தலைவர்தான். தலைவர் இருக்கேக்குள்ள வேறை ஆரும் தலைமையுரை செய்யேலுமே?"

ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. முழங்கால்காரி இன்னும் ஒரு படி மேலே போனாள். "இவ்வளவு காலம் இருந்த மனிசன். வெறுங்கையோட அனுப்பக்கூடாது. ஒரு பொன்னாடை போர்த்துவம்."

"எப்ப போர்த்துறது? இறக்கின பிறகோ?"

"இறக்கின பிறகு போர்த்தினால் நையாண்டி பண்ணுறது மாதிரி இருக்கும்," என்றார் மாஸ்டர். "வாக்கெடுப்புக்கு முதல் போர்த்துவம். அதுதான் மரியாதை."

வடை பதமாக வந்திருந்தது. தின்றுகொண்டே எல்லாரும் தலையாட்டினார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்கும் அந்த நேரம் அது சரி போலத்தான் இருந்தது. ஒரு மனிசனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளுவதென்றாலும் கழுத்தில் ஏதாவது போட்டுவிட்டுத் தள்ளுகிற சனம் நாங்கள்.

வாக்கு எண்ண ஒரு பொது ஆள் வேணும். எங்கள் ஆட்களில் ஒருவரைப் போட்டால் அவர் எந்த ஊர், மேயர் எந்த ஊர் என்று ஒரு கதை தொடங்கும். அதனால் ரொக்ஸ்பரோவில் இருக்கிற இந்தியா ஐயாவைக் கேட்டோம். எஞ்சினியராக இருந்தவர், நாங்கள் வருவதற்குக் கனகாலம் முந்தியே இங்கே வந்தவர். தமிழ் கேட்க ஆசை வந்தால் இடைக்கிடை கார் ஓடிக்கொண்டு வந்து எங்களோடு தேநீர் குடிப்பார்.

"நான் நடுவுல நிக்கிறேன்மா," என்றார். "ஆனா கூட்டம் டயத்துக்கு ஆரம்பிக்கணும்."

பாவம், அவருக்கு எங்களைச் சரியாகத் தெரியாது.

கூட்டத்தன்று நிலவறை நிறைந்துவிட்டது. நாலு மணிக்கு மண்டபத்தை ஹெயிட்டிச் சனத்தின் செபக் கூட்டத்துக்கு விடவேணும். அதற்குள் முடித்துவிடலாம் என்று மத்தியானமே தொடங்க ஏற்பாடு. விளக்கேற்ற மேயரைக் கூப்பிட்டார்கள். ஏற்றினார். பேத்தி ஆடியது. வடிவான பிள்ளை, வடிவாக ஆடியது, எல்லாரும் கை தட்டினோம். மேயர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்.

மாஸ்டர் வரவேற்புரைக்கு எழும்பினார். அவர் எத்தனையோ வருஷமாக ஒரே வரவேற்புரையைத்தான் செய்கிறவர். வாய் தன்பாட்டில் போனது. "எங்கள் பெருமதிப்புக்குரிய, தன்னலமற்ற, அயராது உழைக்கும் தலைவர் அவர்களே" என்று தொடங்கிவிட்டார். பாதியில் தனக்கே விளங்கி, நிறுத்தி, தண்ணீர் குடித்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

தலைமையுரை. நான் அதைச் சுருக்கிச் சொல்லுகிறேன், அவர் சுருக்கவில்லை. பிறந்த வீட்டில் தொடங்கினார். கிராம சபைக்கு வந்தார். மதகு. மதகில் மழை வெள்ளம், மதகுக்கு மாவட்டத்து அரசாங்க அதிபர் வந்தது, மதகைச் சனம் வாழ்த்தினது. கனடாவுக்கு வந்தார். திரும்ப மதகுக்குப் போனார். முன்வரிசையில் ஒருவர் நித்திரை. இந்தியா ஐயா மாஸ்டரைப் பார்க்கிறார், மாஸ்டர் கூரையைப் பார்க்கிறார். கதவடியில் செபக்காரர் வந்து கோட்டோடு நிற்கத் தொடங்கிவிட்டார்கள். ஒருவர் தோளில் மத்தளம்.

பேச்சு முடிந்ததும், அவசரத்தில் யாரும் யோசிக்கவில்லை, நிகழ்ச்சி நிரலில் அடுத்தது என்னவோ அதைச் செய்தார்கள். முழங்கால்காரி நொண்டி நொண்டிப் போய்ப் பொன்னாடையைப் போர்த்தினாள். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. கதவடியில் நின்ற ஹெயிட்டிச் சனமும் ஏதோ நல்ல காரியம் என்று கை தட்டியது. மேயர் பொன்னாடையின் ஓரத்தால் கண்ணைத் துடைத்தார்.

அந்தக் கண்ணீர் காய முன்னம் இந்தியா ஐயா எழும்பினார். "தலைவரை நீக்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

நான் தூக்கினேன். தூக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

ஒரு கையும் இல்லை. கையெழுத்து வைத்த கைகள் எல்லாம் மடியில் கிடந்தன. மேயர் தங்க நிறத்தில் மினுங்கிக்கொண்டு ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தார். பார்த்த முகமெல்லாம் குனிந்தது. மாஸ்டர் தன்னுடைய சப்பாத்தை அன்றைக்குத்தான் முதல்முதல் கண்டவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூக்கடி," என்றேன் முழங்கால்காரியிடம்.

"எப்பிடியக்கா," என்றாள் அவள் வாய்க்குள். "இப்பதானே நான் போர்த்திப்போட்டு வந்தனான்."

இந்தியா ஐயா எண்ண ஒன்றும் இல்லாமல் நின்றார். "அம்மா மட்டும்தானா?"

"ஓம் ஐயா. காணாதெண்டால் மற்றக் கையையும் தூக்கிறன்."

சிலர் சிரித்தார்கள். சிரிக்கத் துணிவு இருந்தது, பாருங்கோ.

மேயர் எழும்பி, "தங்கச்சியின்ரை எதிர்ப்பையும் நான் மதிக்கிறன். அதுதான் சனநாயகம்," என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். மதித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தளம் உள்ளே வந்தது, நாங்கள் வெளியே வந்தோம்.

தை மாதம் சங்கம் லவாலுக்குப் போய்விட்டது. மருமகன் நல்ல பிள்ளை. "மாமி, புதன்கிழமையில ஒரு மணித்தியாலம் லீவு கேட்டுக் கொண்டுபோய் விடட்டோ?" என்றார். வேண்டாம் என்றேன். அன்றைக்கும் வழமை போலச் சீலை உடுத்தேன், கோட்டைப் போட்டேன், நடந்தேன். நிலவறைக் கதவு பூட்டியிருந்தது. பூட்டியிருக்கும் என்று தெரியும். தெரிந்துதான் போனேன். ஆனால் திரும்பி வீட்டுக்கு நடந்தால் அந்தப் புதன்கிழமையோடு என் கால் முடிந்துபோகும் என்று மனதுக்குள் ஒரு பயம். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. மெட்ரோப் பக்கம் நடந்து, அங்கே இருக்கிற டோனட் கடைக்குள் ஏறினேன்.

அந்தக் கடையில் கிரேக்கக் கிழவன்மார் கனகாலமாக யன்னல் ஓரத்து மேசைகளைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தலைவரும் இல்லை, யாப்பும் இல்லை, காலமை வருவார்கள், கத்துவார்கள், போவார்கள். நான் கோப்பியோடு இடம் பார்த்து நிற்க, ஒருவர் காலால் ஒரு கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார். "பொன்ஜூர்," என்றேன். அவரும் சொன்னார். எங்கள் இரண்டு பேருக்கும் பிரெஞ்சு அவ்வளவுதான். போதுமாக இருந்தது. தனிய இருந்து கோப்பியைக் குடித்து முடித்து, நடந்து வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த புதன் கதவைத் தள்ளிக்கொண்டு முழங்கால்காரி வந்தாள். நான் தனிய இருந்ததை யன்னலால் கண்டவள் ஒருத்தி சொல்லியிருக்கிறாள். வந்து, கோட்டைக் கழற்றாமல் நின்றாள்.

"இருக்கட்டோ, அக்கா?"

"கையைத் தூக்கு முதல்."

"என்ன?"

"அண்டைக்குத் தூக்காத கை. அதை இப்ப தூக்கு. பிறகு இரு."

கடையைச் சுற்றிப் பார்த்தாள். வெட்கத்தோடு தூக்கினாள். "காணும், இறக்கு," என்று நான் சொல்லும்வரை வைத்திருந்தாள். பிறகு இருந்து, பையைத் திறந்து, வீட்டில் சுட்ட முறுக்கை எடுத்து மேசையில் வைத்தாள். கிரேக்கர் ஒருவர் எட்டி ஒன்றை எடுத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் ஒருவர் இருவர் கூடினார்கள். வருகிற ஒவ்வொருவருக்கும் அதே சட்டம். மாஸ்டர் கொஞ்சம் தர்க்கம் செய்து பார்த்தார். "கோரம், அதாவது தேவையான ஆள்த்தொகை, இல்லாமல் எடுத்த வாக்குச் செல்லாது, அக்கா," என்றார். "கதிரை இல்லாமல் நிண்டு கோப்பி குடிக்கிறதும் செல்லாது," என்றேன். தூக்கினார். மேசை இரண்டாகி மூன்றாகி, கிரேக்கர் யன்னலில் ஒரு பாதியை எங்களுக்கு விட்டுத் தந்தார்கள்.

லவால் பக்கத்துச் செய்தியும் வந்துகொண்டிருந்தது. பெரிய மண்டபமாம், நல்ல வெளிச்சமாம், வாசலில் பார்க்கிங் எல்லாம் காலியாம். முன்னூற்று நாலு விளையாட நாலாவது ஆள் இல்லையாம். மேயர் விளக்கை ஏற்றிவிட்டு, தானே பார்த்துக்கொண்டு இருக்கிறாராம்.

மாசி முடிகிற நேரம், நல்ல பனி கொட்டின ஒரு புதன்கிழமை, அவரே வந்தார். மகன் வேலையில் நின்றபடியால் பஸ்ஸும் மெட்ரோவும் எடுத்து வந்திருக்கிறார். தொப்பியில் பனி, மூக்கு சிவந்திருந்தது. கோட்டைத் திறந்தால் உள்ளே கழுத்தைச் சுற்றி எங்கள் பொன்னாடை. குளிருக்கு அது நல்லதாம்.

"எல்லாரும் இங்கதான் இருக்கிறியள் போல," என்றார்.

"ஓம் அண்ணை," என்றேன். "பார்க்கிங் இல்லாத இடம். கண்டுபிடிக்கக் கஷ்டப்பட்டிருப்பியள்."

அவர் தொப்பியைக் கழற்றிப் பனியைத் தட்டினார். "ஒரு கதிரை இருக்குமோ?"

"இருக்கு. ஆனால் இங்க ஒரு முறை இருக்கு. கையைத் தூக்கிப்போட்டுத்தான் இருக்கிறது."

"என்னத்துக்குத் தூக்கிறது?"

"மேயரை நீக்கிறதுக்கு. இங்க இருக்கிற எல்லாரும் தூக்கினவை."

மேயர் எல்லாரையும் பார்த்தார். அன்றைக்கு மண்டபத்தில் பார்த்த அதே பார்வைதான், ஆனால் இந்த முறை ஒருவரும் குனியவில்லை. மாஸ்டர் மட்டும் சப்பாத்தைப் பார்த்தார், அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது. முழங்கால்காரிதான் மனம் இரங்கினாள். "கெதியாத் தூக்குங்கோ, அண்ணை. முறுக்கு முடியப்போகுது."

மனிசன் வெளியே பனியைப் பார்த்தார். திரும்பிப் போவதற்கு எத்தனை படி என்று அவருக்கும் இப்போது தெரியும். வலது கையைக் காதடி மட்டும் உயர்த்தினார். யன்னலடியில் இருந்த கிரேக்கர் தனக்குத்தான் என்று நினைத்துத் தானும் கையை உயர்த்தினார். இன்றுவரைக்கும் மேயர் சொல்லுவது, தான் அந்த மனிசனுக்கு வணக்கம் சொன்னது என்று. சொல்லட்டும். நான் எண்ணிப்போட்டேன்.

கதவடியில் ஒரு கதிரை மிச்சம் இருந்தது. ஆரும் உள்ளே வரும்போதெல்லாம் குளிர் காலில் அடிக்கிற இடம். அதில் இருத்தினோம். கோப்பி வாங்கிக் கொடுத்தோம், கடைசி முறுக்கையும் கொடுத்தோம். உடம்பு சூடேறினதும் அவர் பக்கத்தில் இருந்த கிரேக்கரிடம் கையால் வளைத்துக் காட்டித் தொடங்கினார், எங்கடை ஊரில ஒரு மதகு என்று. கிரேக்கருக்குத் தமிழ் தெரியாது. அதனால் நன்றாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மருமகன் போன் அடித்தார். பனி கூடவாம், வேலை முடிந்து வந்து ஏற்றட்டோ என்று கேட்டார். வேண்டாம் தம்பி, நடந்து வாறன் என்று சொல்லிவிட்டு, வெள்ளம் மதகுக்கு மேலால் பாய்கிற கட்டத்தில் நான் எழும்பிக் கோட்டைப் பூட்டினேன்.